மலையகக் குளிரிலும் எஸ்.எஸ்.டி. கொதிக்கும்: பெரிய ஃபைல்களை மாற்றுவோருக்கு ஒரு வழிகாட்டி

கல்யாண வீடியோ, கோவில் தேர், பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று எடுத்துச் சேர்த்த நூற்றுக்கணக்கான ஜி.பி.யை ஒரு எஸ்.எஸ்.டி. டிரைவிலிருந்து (சுழலும் தட்டு இல்லாமல் சிப்களில் சேமிக்கும் வகை) இன்னொன்றுக்கு மாற்றுகிறீர்கள். முதல் சில நிமிடங்கள் வேகம் பறக்கிறது. அப்புறம் படுத்துவிடுகிறது. சில நேரம் 80 வீதம் முடிந்த நிலையில் டிரைவே திரையிலிருந்து காணாமல் போகிறது. எடுத்துப் பார்த்தால் கை சுடுகிறது.

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் இதை யாரிடம் சொன்னாலும் வருகிற முதல் பதில், "நம்ம ஊர்க் குளிருக்கு அதெல்லாம் சூடாகாதுண்ணே. டிரைவ் பழுது, புதுசா ஒன்னு போடுங்க" என்பதுதான். நானும் வீடியோ வேலை செய்கிறவன். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலைந்து, பிறகு நானே தேடிச் சோதித்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பெரும்பாலானவர்களுக்குப் புது டிரைவ் தேவைப்படாது. ஓரிரண்டாயிரம் ரூபாவுக்குள் சரிசெய்யக்கூடிய விஷயம்.

குளிர் பற்றிய கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு டிரைவ் வேலை செய்யும்போது அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை பாகை என்று ஏறும். மூடிய பெட்டிக்குள் அது 50 பாகை ஏறுகிறது என்று வையுங்கள். கொழும்பில் 31 பாகை அறையில் அது 81 ஆகும். நுவரெலியாவில் 17 பாகை அறையில் 67 ஆகும். மலையில் இருப்பதால் நமக்கு 14 பாகை இலாபம், அவ்வளவுதான். சாதாரணப் பாவனைக்கான டிரைவ்களுக்குப் பெரும்பாலும் 0 முதல் 70 பாகை செல்சியஸ் வரை என்று எல்லை குறித்திருப்பார்கள். 67 என்பது எல்லைக்கு அருகிலேயே நிற்கிறது. அதே டிரைவைக் கட்டிலில் கம்பளிப் போர்வையின் மேல் வைத்துவிட்டால் அந்த 14 பாகையும் போயே போச்சு.

வெளியில் எவ்வளவு குளிர் இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப்பின் சூடு வெளியே வர வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். கீழே வரும் எல்லாமே அந்த வழியைத் திறந்துவிடுவதைப் பற்றியதுதான்.

1. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள்

எஸ்.எஸ்.டி. என்று பொதுவாகச் சொன்னாலும் சூட்டு விஷயத்தில் எல்லாம் ஒன்றல்ல.

சாட்டா வகை: இரண்டரை அங்குலத்தில் தட்டையான பெட்டியாக வரும். வேகம் நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி.யில் நின்றுவிடும். இது அபூர்வமாகத்தான் சூட்டுப் பிரச்சினை தரும். உங்களிடம் இருப்பது இதுவென்றால் 2ஆம் படியில் சொல்லும் தாளை மட்டும் எழுதிக்கொண்டு 3ஆம் படிக்குப் போங்கள். உங்கள் சிக்கல் அநேகமாக வேறு எங்கோ இருக்கிறது.

என்.வி.எம்.இ. வகை: சூயிங்கம் பட்டை அளவில் 22 மில்லிமீற்றர் அகலம், 80 மில்லிமீற்றர் நீளம் கொண்ட பலகை. கணினியோடு அதை இணைக்கும் பாதையான பி.சி.ஐ.இ. மூன்றாம் தலைமுறை என்றால் நொடிக்கு 3,500 எம்.பி. வரை, நான்காம் தலைமுறை 7,000 வரை, ஐந்தாம் தலைமுறை 14,000 வரை போகும். வேகம் ஏற ஏற மின்சாரமும் கூடும். நான்காம் தலைமுறை டிரைவ் ஒன்று கடுமையாக எழுதும்போது 5 முதல் 8 வாட் வரை இழுக்கும்; ஐந்தாம் தலைமுறை 10 வாட்டையும் தாண்டும். அந்தச் சிறிய பலகையில் அத்தனை சூடும் வேறு எங்கே போகும்?

அதிகம் கொதிப்பது தரவு சேமிக்கும் நினைவகச் சிப்கள் அல்ல. எல்லாவற்றையும் இயக்கும் கொன்ட்ரோலர் என்ற சிறிய சதுரச் சிப்தான் கொதிக்கும். பின்னால் 4ஆம் படியில் சூடு கடத்தும் பேட் ஒட்டும்போது இது முக்கியம்.

வெளியே செருகிப் பாவிக்கும் பெட்டி என்றால் இன்னொரு சூடும் சேரும். யூ.எஸ்.பி.யையும் என்.வி.எம்.இ.யையும் இணைக்கும் பாலச் சிப் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. சில பெட்டிகளில் டிரைவை விட இதுதான் அதிகம் சூடாகும்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூ.எஸ்.பி. 10 ஜிகாபிட் பெட்டிக்குள் போடுவதற்காக விலைகூடிய நான்காம், ஐந்தாம் தலைமுறை டிரைவ் வாங்காதீர்கள். அந்தப் பெட்டி நொடிக்கு ஏறத்தாழ 1,000 எம்.பி.க்கு மேல் விடாது. மிச்ச வேகத்துக்குக் கொடுத்த காசு சூடாகத்தான் திரும்பி வரும். குறைந்த மின்சாரம் இழுக்கும் மூன்றாம் தலைமுறை டிரைவ் தாராளமாகப் போதும். கடைக்காரர் "அண்ணே, இது பழைய மொடல்" என்பார். சொல்லட்டும்.

2. வெப்பத்தை அளந்து பாருங்கள்

கையால் தொட்டு முடிவெடுக்காதீர்கள். வெளிப்பெட்டி சுட்டால் டிரைவ் சாகப்போகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். அலுமினியப் பெட்டி சுடுகிறதென்றால் உள்ளே இருக்கும் சூடு ஒழுங்காக வெளியே வருகிறது என்று அர்த்தம். பெட்டி குளிர்ந்திருக்க, உள்ளே டிரைவ் 80 பாகையில் இருப்பதுதான் ஆபத்தான நிலை.

லேப்டாப்புக்குள் இருக்கும் என்.வி.எம்.இ. டிரைவ் என்றால், விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய், மேம்பட்ட அமைப்புகளில் டிஸ்குகளின் பட்டியலைத் திறந்தால் அந்த டிரைவின் பக்கத்தில் வெப்பநிலை காட்டும். வெளிப்பெட்டிக்கு கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாலச் சிப்களுக்கு ஊடாக அது வெப்பநிலையை வாசித்துவிடும். எச்சரிக்கை நிறம் எந்த இலக்கத்தில் மாறவேண்டும் என்பதை நாமே அமைக்கலாம் என்பதால், நிறத்தைப் பார்த்துப் பதறாமல் இலக்கத்தைப் பாருங்கள்.

சோதிக்கும் முறை இதுதான். டிரைவைச் செருகி, எதுவும் செய்யாமல் பத்து நிமிடம் விட்டு ஓர் இலக்கம் குறியுங்கள். பிறகு 100 ஜி.பி. அளவுள்ள பெரிய ஃபைல்களைக் கொப்பி பண்ணத் தொடங்கி, நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தையும் வேகத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் அடுத்த படிக்கும் வேண்டும், 7ஆம் படியில் கடைக்காரரிடம் பேசுவதற்கும் வேண்டும்.

சும்மா இருக்கும்போது 30 முதல் 45 வரை, வேலையின்போது 65க்குள் என்றால் நிம்மதியாக இருங்கள். 70ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கவனிக்கவேண்டும். டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும் புள்ளி மொடலுக்கு மொடல் மாறும். 70க்கும் 85க்கும் இடையில் எங்காவது இருக்கும்.

பழைய டிரைவ் வாங்குபவர்கள் ஜி-ஸ்மார்ட்கொன்ட்ரோல் என்ற மென்பொருளிலும் ஒருமுறை திறந்து பாருங்கள். எச்சரிக்கை வெப்பத்தைத் தாண்டி அந்த டிரைவ் மொத்தம் எத்தனை நிமிடம் ஓடியிருக்கிறது என்று என்.வி.எம்.இ. டிரைவ்களில் ஒரு கணக்கு இருக்கும். விற்பவர் என்ன சொன்னாலும் அந்தக் கணக்கு மறைக்காது.

3. சூடுதான் காரணமா என்று உறுதிப்படுத்துங்கள்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. வேகம் குறைந்தால் எல்லாமே சூடு என்று நினைத்து, ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தகடு) வாங்கி ஒட்டி, ஒரு மாற்றமும் இல்லாமல் திட்டிக்கொண்டு இருப்பார்கள். எழுதிவைத்த தாளைப் பாருங்கள்.

வேகம் விழுகிறது, சற்று நேரத்தில் ஏறுகிறது, மறுபடி விழுகிறது. வெப்பமோ ஒரே இலக்கத்தைச் சுற்றியே நிற்கிறது. இது சூடு. டிரைவ் பிரேக் பிடித்துப் பிடித்து ஓடுகிறது.

தொடக்கத்தில் நல்ல வேகம், ஏதோ ஒரு கட்டத்தில் ஒரேயடியாக விழுந்து, அப்புறம் கடைசிவரை அதே மந்தம்; வெப்பம் 55, 60 தான். இது சூடு அல்ல, கேஷ் நிரம்பிவிட்டது. இன்றைய டிரைவ்கள் வருவதை முதலில் வேகமான ஒரு பகுதியில் வாங்கிப் போட்டு, பிறகு ஆறுதலாக அடுக்குகின்றன. அந்தப் பகுதி நிரம்பினால் உண்மையான வேகம் வெளியே தெரியும். கியூ.எல்.சி. என்ற மலிவு வகையில் அது பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கே இறங்கிவிடும். எந்த ஹீட்சிங்கும் இதை மாற்றாது. டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருந்தால் கேஷுக்கு இடம் கிடைக்கும். புதிதாக வாங்கும்போது அதைவிட வேகமான டி.எல்.சி. வகை என்று கேட்டு வாங்குங்கள்.

ஆரம்பத்திலிருந்தே நொடிக்கு 35, 40 எம்.பி. தான் என்றால் டிரைவை விட்டுவிட்டு வயரைப் பாருங்கள். யூ.எஸ்.பி. 2 துளையில் செருகியிருப்பீர்கள், அல்லது ஃபோன் சார்ஜர் வயரைப் பாவிக்கிறீர்கள். டைப் சி முனை இருப்பதாலேயே அது வேகமான வயர் ஆகிவிடாது.

ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் படங்கள் என்றால் எந்த டிரைவிலும் மெதுவாகத்தான் போகும்.

டிரைவ் அடிக்கடி காணாமல் போகிறது, ஆனால் வெப்பம் 60க்குக் கீழே என்றால் மின்சாரம் போதவில்லை, அல்லது வயர் தளர்ந்திருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பாதுகாப்பற்ற நிறுத்தங்கள் என்ற எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் கூடுகிறதா பாருங்கள். ஹப்பைக் கழற்றிவிட்டு, கூட வந்த குட்டை வயரால் லேப்டாப்பில் நேரடியாகச் செருகிப் பார்த்தால் பாதிப் பேருக்கு இந்தப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

வீடியோக்காரர்களுக்கு இன்னொரு சங்கதி. கெமரா கார்டிலிருந்து நேராக எஸ்.எஸ்.டி.க்குக் கொப்பி பண்ணும்போது சூடாவது மிகக் குறைவு. சாதாரண யூ.எச்.எஸ். ஒன்று வகைக் கார்டு நொடிக்கு 90 எம்.பி. கொடுத்தாலே பெரிது, அந்த வேகத்தில் எஸ்.எஸ்.டி. தூங்கிக்கொண்டே எழுதும். கொதிப்பது ஒரு எஸ்.எஸ்.டி.யிலிருந்து இன்னொரு எஸ்.எஸ்.டி.க்கு மாற்றும்போதுதான். ஆகவே முதல் கொப்பியைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டாவது பிரதி எடுக்கும் வேளைதான் கவனம் தேவைப்படும் வேளை.

4. பேட், பெட்டி, ஹீட்சிங்க்

இங்கேதான் கொஞ்சம் காசும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். மற்ற எல்லாப் படிகளையும் விட இது தரும் பலன் அதிகம்.

வெளிப்பெட்டி வாங்குவதென்றால் முழு அலுமினியத்தில் எடுங்கள். பிளாஸ்டிக்கில் அழகாக வருபவை, ரப்பர் உறை போட்டு வருபவை எல்லாம் சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும். விழுந்தாலும் உடையாது என்று ரப்பர் உறையைப் பலர் விரும்புகிறார்கள். பயணத்தில் போட்டுக்கொள்ளுங்கள், கொப்பி பண்ணும்போது கழற்றுங்கள். பாலச் சிப் எது என்றும் கேளுங்கள். ரியல்டெக் ஆர்.டி.எல். 9210பி என்றால் சூயிங்கம் பட்டை வடிவில் வரும் சாட்டா (சாட்டா எம்.2), என்.வி.எம்.இ. இரண்டு வகையும் வேலை செய்யும்.

தெர்மல் பேட் என்பது டிரைவுக்கும் உலோக மூடிக்கும் நடுவில் வைக்கும் மென்மையான துண்டு. இடையில் இருக்கும் காற்றிடைவெளியை நிரப்புவதுதான் அதன் வேலை. பெட்டியோடு ஒன்று வரும். வரவில்லையென்றால் ஆயிரம் ரூபாவுக்குள் கிடைக்கும். தடிப்பு 0.5, 1, 1.5 மில்லிமீற்றர் என்று வரும். எது வேண்டுமென்று தெரியாவிட்டால் 1, 1.5 இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை கூரியருக்குக் கட்டுவதை விட அது மலிவு.

போடும் முறை:

கணினியிலிருந்து கழற்றி, குளிர விடுங்கள். லேப்டாப்புக்குள் இருக்கும் டிரைவ் என்றால் சார்ஜரையும் பிடுங்கி, மூடியைத் திறந்தவுடன் பெட்டரி வயரையும் கழற்றுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் காற்று காய்ந்திருக்கும் நாட்களில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, ஏதாவது வெறும் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கம்பளி ஸ்வெட்டரில் சேரும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும்.

பலகையை ஓரத்தில் பிடியுங்கள். பொன்னிற முனைகளைத் தொடவேண்டாம்.

பேட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். இரண்டையும் உரியுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் உரித்துவிட்டு மூடிய பெட்டிகள் எத்தனையோ கண்டிருக்கிறேன். கடையில் போட்டுக் கொடுத்தவையும் அதில் அடக்கம். "பேட் போட்டாச்சு அண்ணே" என்றாலும் வீட்டுக்கு வந்து திறந்து பாருங்கள்.

கொன்ட்ரோலர் சிப் நிச்சயமாகப் பேட்டின் கீழே வரவேண்டும். பேட் துண்டு சிறியதாக இருந்து எதையாவது விடவேண்டி வந்தால் நினைவகச் சிப்பை விடுங்கள், கொன்ட்ரோலரை விடாதீர்கள்.

டிரைவின் மேல் இருக்கும் ஸ்டிக்கரை உரிக்கவேண்டாம். அதை உரித்தால் ஒன்றிரண்டு பாகை குறையலாம். உத்தரவாதம் முழுதாகப் போய்விடும். சில ஸ்டிக்கர்களுக்குள் செப்புத் தகடு இருக்கிறது, அது சூட்டைப் பரப்பவே வைத்தது. அதன் மேலேயே பேட்டை ஒட்டுங்கள்.

மூடியை மூடி, சற்று அழுத்தி, மறுபடி திறந்து பேட்டைப் பாருங்கள். மூடியின் தடம் பதிந்திருந்தால் சரி. தடமே இல்லையென்றால் பேட் மெலிது, மூடியைத் தொடவே இல்லை. மூடி மூட மறுத்தால் தடிப்பு கூடிவிட்டது. வலுக்கட்டாயமாகத் திருகினால் பலகை வளையும்.

மேசைக் கணினிக்கு வேலை இன்னும் எளிது. தாய்ப்பலகையோடு வந்த ஹீட்சிங்க் மூடி பெட்டிக்குள் சும்மா கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் தனி அலுமினிய ஹீட்சிங்க் ஓரிரண்டாயிரத்துக்குள் வரும். லேப்டாப்பில் உயரமான ஹீட்சிங்குக்கு இடம் இருக்காது. மெல்லிய செப்புத் தகடும் பேட்டும்தான் வழி.

எங்கே வாங்குவது? கண்டியில் கிடைக்கும். பதுளை, ஹட்டனில் பெட்டி கிடைக்கும், தனி பேட் கிடைப்பது கஷ்டம். கொழும்புக்குப் போகிறவர் யாராவது இருந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லாத் தடிப்பிலும் கிடைக்கும். ஒன்லைனில் எடுத்தால் கூரியர் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். இவ்வளவு சின்னப் பொருளுக்குச் சில நேரம் கூரியர்தான் பொருளின் பாதி விலை. தோட்ட முகவரி என்றால் பக்கத்து டவுனில் தெரிந்த கடையின் முகவரியைக் கொடுப்பது நல்லது. பார்சல் கொண்டுவரும் டெலிவரித் தம்பி மூன்றாம் டிவிஷன் வரை ஏறி வரமாட்டார்.

5. எங்கே வைத்து வேலை செய்வது

மெத்தை, போர்வை, சோபா, லேப்டாப்பின் காற்றுத் துளைக்குப் பக்கம், ஜன்னல் வெயில் விழும் இடம், இவை எதுவும் ஆகாது. மேசையில் வையுங்கள். ஓர் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்து அதன் அடிப்பாகத்தில் வைத்தால் இன்னும் நல்லது, சூடு அந்த உலோகம் முழுக்கப் பரவிவிடும். சிரிப்பார்கள், ஆனால் வேலை செய்யும். எவர்சில்வர் அவ்வளவு பலன் தராது.

தகரக் கூரை வீடுகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், பகல் பன்னிரண்டு மணிக்கு அறை என்னவாக இருக்கும், இரவு என்னவாக இருக்கும் என்று. பெரிய மாற்றத்தை இரவு ஒன்பது மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் செலவில்லாமலே பல பாகை குறையும்.

காற்று ஓட்டம் அந்த அலுமினியச் சட்டியை விடவும் உதவும். நுவரெலியாவில் மின்விசிறி வைத்திருக்கும் வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும் என்பதால், யூ.எஸ்.பி.யில் ஓடும் சின்ன விசிறி ஒன்றை வாங்கி, பெட்டியின் பக்கவாட்டில் ஊதுகிற மாதிரி வையுங்கள். டிரைவ் செருகியிருக்கும் அதே ஹப்பிலிருந்து விசிறிக்கும் மின்சாரம் எடுக்காதீர்கள்.

இப்போது மலைநாட்டுக்கே உரிய ஒரு பொறி. சூடாகிறது என்று குளிரூட்டப் போய் டிரைவைக் கொல்வது. ஃபிரிட்ஜில் வைத்து எடுப்பது, ஈரத்துணி சுற்றுவது, ஐஸ் பையின் மேல் வைப்பது எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதன் அதிகம். காற்றை விட நன்றாகக் குளிர்ந்துவிட்ட பொருளின் மேல் நீர் படியும். உள்ளே பலகையின் மேலும் படியும். அந்த நிலையில் மின்சாரம் கொடுத்தால் முடிந்தது கதை.

ஃபிரிட்ஜே இல்லாமலும் இது நடக்கும். விடியற்காலை பனியில் படப்பிடிப்பு, பை முழுக்கக் குளிர்ந்து கிடக்கிறது, அங்கிருந்து நேராக ஆட்கள் நிறைந்த, அடுப்பு எரியும் கல்யாண வீட்டுக்குள் நுழைந்து டிரைவை எடுத்துச் செருகுகிறீர்கள். கண்ணாடி போட்டவர்களுக்கு அந்த நேரம் கண்ணாடியில் மூடுபனி ஏறும். டிரைவிலும் அதேதான் ஏறுகிறது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் மூடியபடியே அறைக்குள் கொண்டுவந்து, அரை மணி நேரம் விட்டுவிட்டு எடுங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் டிரைவுக்கு இந்த ஆபத்து இல்லை, அது அறையை விடச் சூடாகத்தான் இருக்கும்.

6. பகுதி பகுதியாக மாற்றுங்கள்

எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்னமே கணக்குப் போடுங்கள். 4கே வீடியோவை நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 45 ஜி.பி. வரும். இரண்டு கெமரா, ஆறு மணி நேரக் கல்யாணம் என்றால் 540 ஜி.பி. கார்டிலிருந்து நொடிக்கு 90 எம்.பி. வேகத்தில் அதை இறக்க ஒரு மணி 40 நிமிடம். எஸ்.எஸ்.டி.யிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு 400 எம்.பி. வேகத்தில் இருபத்து மூன்று நிமிடம் போல. யூ.எஸ்.பி. 2 துளையில் தவறிச் செருகியிருந்தால் நான்கு மணி நேரம் போல.

540 ஜி.பி.யையும் ஒரே தடவையில் இழுத்துப் போடவேண்டாம். 100, 150 ஜி.பி. கொண்ட ஃபோல்டர்களாகப் பிரியுங்கள். ஒன்று முடிந்ததும் வெப்பத்தைப் பார்த்து, 50க்குக் கீழே வந்ததும் அடுத்ததைத் தொடங்குங்கள். இந்த இடைவெளியில் கேஷும் காலியாகிவிடும். நடுவில் 75ஐத் தாண்டினால் விண்டோஸ் கொப்பி சாளரத்தில் இருக்கும் இடைநிறுத்தப் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு சின்னக் கோடுகள், பலர் கவனிப்பதே இல்லை. வயரைப் பிடுங்குவதை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாதவர்கள் ஃபாஸ்ட்கொப்பி என்ற மென்பொருளில் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். லினக்ஸ், மெக் பாவிப்பவர்களுக்கு ஆர்சிங்க் நிரலில் வேக வரம்பு வசதி இருக்கிறது. நொடிக்கு 1,000 எம்.பி. போகும் டிரைவை 300க்கு மட்டுப்படுத்தினால் சூடு வெகுவாகக் குறையும். நேரமோ, 540 ஜி.பி.க்கும் அரை மணிதான். அரை மணியில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். என்னைக் கேட்டால் ஹீட்சிங்க் வாங்குவதற்கு முன்பே செய்துபார்க்க வேண்டியது இதைத்தான்.

கொப்பி முடிந்ததும் சரிபார்ப்பு ஓடவிடுங்கள். ஃபாஸ்ட்கொப்பியிலும் டெராகொப்பியிலும் அந்த வசதி இருக்கிறது. சரிபார்ப்பின்போதும் டிரைவ் வாசிக்கும், சூடாகும். ஆகவே முதலில் ஐந்து பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சரிபார்த்து முடியும்வரை கார்டை ஃபோர்மட் பண்ணவேண்டாம். அடுத்த நாள் காலை வேறு கல்யாணம், கார்டு காலியாக வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். இன்னொரு கார்டு வாங்குங்கள்.

விண்டோஸில் மட்டும் பாவிக்கும் டிரைவ் என்றால் எக்ஸ்ஃபெட்டை விட என்.டி.எஃப்.எஸ். ஃபோர்மட் பாதுகாப்பானது. நடுவில் துண்டிக்கப்பட்டால் எக்ஸ்ஃபெட்டில் முழு ஃபோல்டரே குழம்பிப்போகக்கூடும். மாற்றுவதற்கு டிரைவை அழிக்கவேண்டி வரும், உள்ளே இருப்பதை வேறிடத்தில் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

கரண்ட் பற்றியும் சொல்லவேண்டும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் தாண்டினால் இடி மின்னல். அந்த மாதங்களில் பின்னேரம் பெரிய வேலை வைக்காதீர்கள். மேசைக் கணினிக்கு யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்கவேண்டாம். லேப்டாப்பில் பெட்டரி நிறைந்திருக்கட்டும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு போய் மோதியதாகச் சொல்லி நாடு முழுக்க இருண்டது நினைவிருக்கும். நம் வானிலை அறிக்கையில் குரங்கு வராது.

7. பற்றுச்சீட்டும் உத்தரவாதமும்

எல்லாம் செய்தும் டிரைவ் சும்மா இருக்கும்போதே 65, 70 காட்டுகிறது, அல்லது குளிர்ந்த நிலையிலும் காணாமல் போகிறது என்றால் அது பழுதுதான். அப்போது கையில் இருக்கவேண்டியவை:

பற்றுச்சீட்டு, அதில் டிரைவின் தொடரிலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாங்கும் நேரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வெப்பத் தாளில் அச்சிட்ட சீட்டு சில மாதங்களில் வெளிறிவிடும், அன்றைக்கே ஃபோனில் படம் எடுங்கள். பெட்டி, உத்தரவாத அட்டை இருந்தால் அதுவும். டிரைவில் ஒட்டிய கடை ஸ்டிக்கர் கிழியாமல் இருக்கவேண்டும். அப்புறம் 2ஆம் படியில் எழுதிய தாளும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ திரையின் படமும். இவற்றைக் காட்டினால் "எங்ககிட்ட செருகிப் பார்த்தோம், நல்லாத்தானே இருக்கு" என்ற பதில் வராது.

தயாரிப்பாளர் டிரைவுக்கு 3 அல்லது 5 வருட உத்தரவாதம் தருவார், மொத்தம் எத்தனை டி.பி. எழுதலாம் என்ற வரம்போடு. கடையில் உங்களுக்குக் கிடைப்பது அதுவேதானா என்று கேளுங்கள். ஏஜன்ட் ஊடாக வந்த பொருளுக்கும் கடைக்காரர் தானே இறக்குமதி செய்து தன் பெயரில் தரும் உத்தரவாதத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது. சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று போட்டிருப்பார்கள். கடைசி வாரம் வரட்டும் என்று காத்திருந்தால் ஏமாறுவீர்கள். எரிந்த தடம், துரு, ஈரம் பட்ட அடையாளம் இருந்தால் உத்தரவாதம் இல்லை என்பதும் அங்கேயே இருக்கும். ஈரத்துணி சுற்றியவர்கள் மாட்டுவது அந்த வரியில்தான்.

நியாயமில்லாமல் திருப்பி அனுப்பினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். தொலைபேசி 1977. முறைப்பாட்டுக்குப் பற்றுச்சீட்டு கட்டாயம் வேண்டும், கடையோடு பேசியதை வாட்ஸ்அப் செய்தியாகவோ கடிதமாகவோ வைத்திருந்தால் வேலை சுலபம்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன் கடையில் கொடுத்தது கொழும்பு ஏஜன்டுக்குப் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஒப்படைக்கும்போது தொடரிலக்கமும் திகதியும் எழுதிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். திரும்பி வருவது பெரும்பாலும் வேறு டிரைவ், பழையதில் இருந்த வீடியோக்கள் அதோடு வராது. வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் உள்ளே இருந்தால், டிரைவ் இன்னும் திறக்கிறதென்றால், பிரதி எடுத்துக்கொண்டு முழுதாக அழித்துவிட்டே கொடுங்கள்.